முதலாளி இல்லாத சங்கம்

லாரித் தொழிற்சாலையில் ஒரு பெரிய போராட்டம் தோற்று நான்கு ஆண்டுகள்கூட ஆகவில்லை. புனேயில் குப்பை பொறுக்கும் பெண்கள் சங்கம் வைத்தார்கள்.

சனிவார் வாடா பேஷ்வாக்களின் கோட்டை அரண்மனை. 1828இல் தீப்பிடித்து எரிந்த பிறகு மிஞ்சியவை மதில்களும் அஸ்திவாரங்களும்தான். வாசலுக்கு எதிரே உள்ள மைதானம் புனேக்காரர்கள் அரசியல் கூட்டம் கேட்கும் இடம். 1989 செப்டம்பரில் அங்கே சுமார் 3,000 தொழிலாளர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். டெல்கோ தொழிலாளர்கள். பிற்பாடு டாடா மோட்டார்ஸ் என்று பெயர் மாறிய நிறுவனம், பக்கத்து பிம்ப்ரியில் லாரி தயாரித்துக்கொண்டிருந்தது. அவர்களின் தலைவர் ராஜன் நாயர், நிர்வாகம் வேலையைவிட்டு நீக்கிய தொழிலாளி.

அந்தப் போராட்டத்தை நாடே கவனித்ததற்குக் காரணம் உண்டு. டெல்கோ நல்ல சம்பளம் கொடுக்கும் கம்பெனி என்று பெயர் எடுத்தது. அங்கே வேலை கிடைத்தால் பெண் கொடுக்கப் போட்டி இருக்கும். அதன் பொறுப்புக்கு 1988 இறுதியில்தான் ரத்தன் டாடா வந்திருந்தார். டாடா குழுமத்தின் அடுத்த தலைவர் யார் என்ற கேள்வி காற்றில் இருந்த நேரம். புதியவர் பணிவாரா என்று தொழில் உலகம் வேடிக்கை பார்த்தது. அவர் பணியவில்லை. நாயரின் சங்கத்தோடு பேசாமல், போட்டியாக முளைத்த இன்னொரு சங்கத்தோடு சம்பள ஒப்பந்தம் செய்துகொண்டது நிர்வாகம். வேலைக்குப் போனவர்கள் தாக்கப்பட்டதாகப் புகார்கள் எழுந்தன. சங்கத்துக்கு ஊரில் இருந்த அனுதாபம் கரைந்தது.

செப்டம்பர் கடைசியில் ஒரு நள்ளிரவு, போலீஸ் மைதானத்தைச் சூழ்ந்தது. அப்போது மகாராஷ்டிர முதல்வர் சரத் பவார். பட்டினி கிடந்தவர்களைத் தூக்கிப் பஸ்களில் ஏற்றினார்கள். விடிந்தபோது மைதானம் காலி. போராட்டமும் சில நாட்களில் முடிந்துபோனது.

நிர்வாகவியல் வகுப்புகளில் இது உறுதியான தலைமைக்கு உதாரணமாகச் சொல்லப்படுகிறது. தொழிலாளர் தரப்பில் வேறு பாடம் படித்தார்கள்: சங்கத்தை உடைக்க ஆலையை மூட வேண்டியதில்லை, இன்னொரு சங்கம் போதும். 1982இல் தொடங்கிய பம்பாய் ஜவுளி ஆலை வேலைநிறுத்தம் முறையாக முடிவுக்கு வராமலே கலைந்துபோனதைப் பார்த்தவர்களுக்கு, இது இரண்டாவது அடி. அடுத்து 1991இன் தாராளமயம். புனேயைச் சுற்றித் தொழிற்சாலைகள் பெருகின. கூடவே ஒப்பந்தத் தொழிலாளர்களும் பெருகினார்கள். புனேயின் தொழிற்சங்கக் கதையை இங்கே முடித்துவிடுவது பலருக்கு வழக்கம். அது அவசரம்.

மூட்டையும் சோள ரொட்டியும்

தொழிற்சாலை வாசலையே பார்க்காத ஒரு சங்கம் புனேயில் டெல்கோவுக்கு முன்பே இருந்தது. ஹமால் பஞ்சாயத். ஹமால் என்றால் மூட்டை தூக்குபவர். நம் ஊர்ச் சட்ட மொழியில் சுமைப்பணித் தொழிலாளி. 1950களின் மத்தியில் அதைத் தொடங்கியவர் பாபா ஆடாவ். நானா பேட்டில் மருத்துவம் பார்த்த இளம் டாக்டர். முதுகு ஒடிந்தும் குடலிறக்கம் வந்தும் தன்னிடம் வந்தவர்கள் எல்லோரும் ஒரே மண்டிகளிலிருந்து வந்தவர்கள் என்றால், மருந்துச் சீட்டு எழுதிக்கொண்டே இருப்பதில் என்ன பயன்?

மூட்டை தூக்குபவருக்கு முதலாளி யார் என்பது சிக்கலான கேள்வி. காலையில் ஒரு வியாபாரி, மத்தியானம் இன்னொருவர். யாரும் சம்பளப் பட்டியலில் அவர் பெயரை எழுதுவதில்லை. இந்த முடிச்சை அவிழ்க்க மகாராஷ்டிரம் 1969இல் மாதாடிச் சட்டம் கொண்டுவந்தது. (மராத்தியில் ‘மாதா’ என்றால் தலை, மாதாடி தலைச்சுமைக்காரர்.) தொழிலாளியும் வியாபாரியும் ஒரு வாரியத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். கூலியும் அதற்கு மேல் ஒரு சதவீதமும் வாரியத்துக்குப் போகும். அதிலிருந்து வருங்கால வைப்பு நிதி, விடுமுறை ஊதியம் எல்லாம் வரும். பல முதலாளிகள் சேர்ந்து சட்டத்தின் கண்ணுக்கு ஒரு முதலாளி ஆகிவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் 1982இல் வந்த உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்துக்கு இது அண்ணன் முறை.

1974இல் ஹமால் பஞ்சாயத் ஒரு சாப்பாட்டுக் கடை திறந்தது. பெயர் ‘கஷ்டாச்சி பாக்கர்’. தமிழ்க் காதுக்கு இது ஏதோ துயரச் சாப்பாடு என்று கேட்கும். மராத்தியில் ‘கஷ்டம்’ உழைப்பையும் குறிக்கும். உழைப்பின் சோள ரொட்டி என்று பொருள். ஒரே வடமொழிச் சொல் ஒரு மொழியில் உழைப்பாகவும் இன்னொன்றில் துன்பமாகவும் தங்கிப்போனதில் அகராதிக்காரர்களுக்கு வேலை இருக்கிறது. மூட்டை தூக்குபவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஆடாவின் பாதை புனேயிலேயே பழைய பாதை. 1873இல் ஜோதிராவ் புலே சத்தியசோதக் சமாஜத்தை நிறுவியது இங்கேதான். அந்த இயக்கத்தின் ‘தீனபந்து’ பத்திரிகை 1877இல் புனேயில் பிறந்தது. பிறகு பம்பாய்க்குப் போய் நாராயண் மேகாஜி லோகண்டேயின் கைக்கு வந்தது. லோகண்டே 1884இல் பம்பாய் ஆலைத் தொழிலாளர்களைக் கூட்டிச் சங்கம் அமைத்தார். ஆலைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை வாங்கித் தந்தவர் என்று 1890ஐ மராத்தியர்கள் இன்றும் நினைவுகூர்கிறார்கள். அவருடையது சந்தா, உறுப்பினர் பட்டியல், விதிமுறை எல்லாம் உள்ள முறையான தொழிற்சங்கம் அல்ல என்பது ஆய்வாளர்களின் வாதம். அந்தப் பெருமையை 1918இல் வாடியா தலைமையில் பெரம்பூரில் பிறந்த சென்னைத் தொழிலாளர் சங்கத்துக்குக் கொடுப்பார்கள். கொடுக்கட்டும். சாதியையும் கூலியையும் பிரித்துப் பார்க்க முடியாது என்று 1880களிலேயே ஒருவர் கூட்டம் போட்டுச் சொன்னார் என்பது அதனால் குறைந்துவிடாது.

தெருவுக்கு வந்த வண்டி

இனிக் குப்பைக்கு வருவோம்.

1990களின் தொடக்கத்தில் எஸ்.என்.டி.டி. பெண்கள் பல்கலைக்கழகத்தின் முதியோர் கல்வித் திட்டத்தில் இருந்த லட்சுமி நாராயண், பூர்ணிமா சிக்கர்மானே ஆகியோர் குப்பை பொறுக்கும் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கப் போனார்கள். பிள்ளைகளோடு அவர்களும் குப்பைத் தொட்டிகளைச் சுற்றினார்கள். அப்போதுதான் தாய்மார்களின் வேலை கண்ணில் பட்டது. விடிவதற்கு முன் கோணிப்பையோடு கிளம்ப வேண்டும். தொட்டிக்குள் கையை விட்டு அழுகலுக்கு நடுவிலிருந்து காகிதம், பாட்டில், தகரம் என்று பிரிக்க வேண்டும். பல கிலோமீட்டர் சுமந்துபோய்க் காயலான் கடையில் போட வேண்டும். எடைக்கல் கடைக்காரருடையது, விலையும் அவர் சொல்வதே. எங்காவது திருட்டு நடந்தால் போலீஸ் முதலில் பிடிப்பது இவர்களை. பெரும்பாலோர் மகர், மாங் போன்ற தலித் சாதிகளைச் சேர்ந்தவர்கள். பத்தில் ஒன்பது பேர் பெண்கள்.

வீட்டிலேயே குப்பையைப் பிரித்துக் கொடுத்தால் இவ்வளவு அவலம் வேண்டாமே என்று ஒரு யோசனை. சுமார் 30 பெண்களுக்குப் பல்கலைக்கழகத்தின் அடையாள அட்டை கொடுத்து, ஒரு பகுதியில் வீடு வீடாகப் போகச் செய்தார்கள். கை சுத்தமாக இருந்தது. வேலை நேரம் குறைந்தது, வருமானம் ஏறியது. சில வாரங்களில் அதே தெருக்களுக்கு ஒரு தொழில்முனைவரின் மோட்டார் வண்டி வந்தது. வீட்டு வாசலில் குப்பை எடுக்கிறோம் என்றார்கள். முப்பது பேரின் பிழைப்பை ஒரு வண்டி அள்ளிப் போய்விடும் போலிருந்தது. பெண்கள் மறித்தார்கள். வண்டி பின்வாங்கியது.

ஆனால் அடுத்த வண்டி வராது என்பதற்கு என்ன உத்தரவாதம்? பாபா ஆடாவை அணுகினார்கள். 1993 மே மாதம் புனேயில் நடந்த மாநாட்டுக்கு 800க்கும் மேற்பட்ட குப்பை பொறுக்குபவர்கள் வந்தார்கள். பிறந்த சங்கத்தின் பெயர் ‘காகத் காச் பத்ரா கஷ்டகரி பஞ்சாயத்’. காகிதம், கண்ணாடி, தகர உழைப்பாளிகள் பஞ்சாயத்து.

டெல்கோக்காரர்களிடம் இருந்த ஆயுதம் இவர்களிடம் இல்லை. வேலைநிறுத்தம் செய்தால் யாருக்கு நஷ்டம்? அன்றைய பசி அவர்களுக்கே. சம்பளம் கேட்க முதலாளி இல்லை. காயலான் கடைக்காரர் தன்னைச் சரக்கு வாங்குபவர் என்பார். நகராட்சியோ இவர்கள் இருப்பதையே ஒப்புக்கொள்ளவில்லை. எனவே சங்கத்தின் முதல் கோரிக்கை வித்தியாசமானது: நாங்கள் தொழிலாளிகள் என்று எழுதிக் கொடுங்கள்.

1990களின் நடுவில் புனே மாநகராட்சி சங்கத்தின் புகைப்பட அடையாள அட்டைக்குத் தன் முத்திரையைத் தந்தது. இந்தியாவில் ஒரு மாநகராட்சி இப்படிச் செய்தது அதுவே முதல்முறை. போலீஸ்காரர் நிறுத்தினால் காட்ட ஒரு அட்டை. சம்பளம் ஒரு பைசா ஏறவில்லைதான். என்றாலும் அரசு ஆவணத்தில் பெயர் ஏறியது.

அடுத்த ஆயுதம் கணக்கு. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் ஆதரவோடு 2001இல் வெளிவந்த ஆய்வில், இவர்கள் எடுக்காவிட்டால் அந்தக் குப்பையை அள்ளிப் போட நகராட்சிக்கு என்ன செலவாகும் என்று கணக்கிட்டார்கள். ஒவ்வொருவரும் மாதம் 246 ரூபாய் மதிப்புள்ள உழைப்பை நகராட்சிக்கு இனாமாகத் தருகிறார்கள் என்று வந்தது. தர்மம் வாங்குபவர்கள் என்று நினைத்திருந்தவர்கள் உண்மையில் தர்மம் செய்துகொண்டிருந்தார்கள். இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு பேசியபோதுதான் 2002-03இல் மருத்துவக் காப்பீட்டுப் பிரிமியத்தை மாநகராட்சி கட்ட ஒப்புக்கொண்டது.

சங்கம் சொந்தமாகக் காயலான் கடை வைத்தது. கந்துவட்டிக்கு மாற்றாகக் கடன் சங்கம் வைத்தது. 2008இல் உறுப்பினர்களின் கூட்டுறவு அமைப்பு ‘ஸ்வச்ச’ மாநகராட்சியோடு ஐந்தாண்டு ஒப்பந்தம் போட்டது. வீட்டு வாசலில் குப்பை எடுப்பது, அதற்கு வீட்டுக்காரர் மாதக் கட்டணம் தருவது, பிரித்த பொருளை விற்ற காசை எடுத்தவரே வைத்துக்கொள்வது என்பது ஏற்பாடு.

கட்டணம் என்றால் எளிதாகக் கிடைத்துவிடாது. உணவகத்தில் தட்டில் சில்லறை விட்டுவரும் குடும்பத்தலைவர், மாதக் கடைசியில் குப்பைக்காரப் பெண்ணிடம் ‘அடுத்த வாரம் வாம்மா’ என்பார். பிரித்துக் கொடுங்கள் என்று கெஞ்ச வேண்டும். பயன்படுத்திய நாப்கின்களைக் காகிதத்தில் சுற்றாமல் போடுவதை எதிர்த்து 2013இல் பெண்கள் ஒரு காரியம் செய்தார்கள். பொறுக்கிய நாப்கின்களை மூட்டை கட்டித் தயாரிப்பு நிறுவனங்களுக்கே திருப்பி அனுப்பினார்கள். சுற்றிப் போட உறை தருவது உங்கள் பொறுப்பு என்று கடிதமும் வைத்தார்கள். மறியலும் உண்ணாவிரதமும் சாதிக்காத நெருக்கத்தில் கோரிக்கை நிர்வாகத்தின் மேஜைக்கே போய்ச் சேர்ந்தது.

2016இல் மத்திய அரசின் திடக்கழிவு விதிகள் குப்பை பொறுக்குபவர்களைப் பெயர் சொல்லி அங்கீகரித்து, உள்ளாட்சி அமைப்புகள் அவர்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றன. புனேயின் அனுபவம் அதற்குப் பின்னால் இருந்தது. பாபா ஆடாவ் 2025 டிசம்பரில், 95ஆம் வயதில் காலமானார்.

மாநகராட்சியுடன் ஒப்பந்தம் முடியும் ஒவ்வொரு முறையும், இந்த வேலையைத் தனியார் ஒப்பந்தக்காரர்களுக்கு விட்டுவிடலாமே என்ற பேச்சு கிளம்புகிறது. பேசுபவர்கள் காட்டுவது 1990களில் வந்ததைவிடப் பெரிய, பளபளப்பான வண்டி. பெண்கள் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மாநகராட்சி வாசலுக்குப் போகிறார்கள். அன்றைய குப்பையை எடுத்து முடித்த பிறகுதான் போகிறார்கள்.