களைப்பு சோம்பல் அல்ல, துக்கம் ஈமான் குறைவும் அல்ல



வீட்டில் ஒரு பீங்கான் கைதவறி உடைந்தால் பொறுத்துக்கொள்வோம். அதே பெண்ணின் கையால் வாரத்துக்கு மூன்று உடைந்தால் நாவு சும்மா இருக்குமா? “கவனமில்லை” என்போம். “வேலையில் மனமில்லை” என்போம். அந்தக் கை ஏன் தவறுகிறது என்று கேட்க மட்டும் மறந்துவிடுவோம்.

19ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரில் ஷார்க்கோ என்ற புகழ்பெற்ற வைத்தியரின் வீட்டில் இப்படியொரு பணிப்பெண் இருந்தார். கை நடுக்கத்தால் வேறெங்கும் வேலை கிடைக்காதவர் அவர். அவர் உடைத்த பாத்திரங்களால் வைத்தியருக்குப் பெருஞ்செலவு. ஆயினும் அப்பெண்ணை அவர் வேலையிலிருந்து நிறுத்தவில்லை. அந்நோயை அவதானிக்கும் ஆவலும் அவருக்கு இருந்ததுதான். அப்பெண் இறந்த பின்பே, நடுக்கத்தின் காரணம் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நோய் என்பது உறுதியாயிற்று. ஷார்க்கோ 1893இல் மறைந்தபோது, அவரிடம் பயின்ற பிராய்ட் தமது இரங்கற் கட்டுரையில் இதனை எழுதிவைத்தார்.

என்ன நோய் இது?

மின்கம்பிக்கு மேல் உறை இருப்பது போல, நமது நரம்புகளுக்கு மேல் மைலின் என்ற கொழுப்புறை உண்டு. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே மூளையிலும் முண்ணாணிலும் உள்ள அவ்வுறையைத் தாக்கும்போது, நரம்பு வழியே செல்லும் செய்திகள் தடைப்படுகின்றன. ஒரு கண் மங்கலாம், கால் மரக்கலாம், நடை தள்ளாடலாம், சிறுநீரை அடக்க முடியாமற் போகலாம். சிலருக்கு இவை வந்து, சில வாரங்களில் தணிந்து, பின்னர் மீண்டும் வரும். இது தொற்றுநோயல்ல.

உலகில் சுமார் 28 இலட்சம் பேருக்கு இந்நோய் இருப்பதாக 2020இல் வெளியான சர்வதேசக் கணிப்பொன்று கூறியது. ஆண்களைவிடப் பெண்களே இரு மடங்கு. நோய் கண்டறியப்படும் சராசரி வயது 32. பிள்ளைகளை வளர்த்து, உத்தியோகமும் பார்க்கும் வயதல்லவா அது?

கண்ணுக்குத் தெரியாத சுமை

ஊன்றுகோலைக் கண்டால் எல்லோரும் இரங்குவார்கள். களைப்பை யார் காண்பார்? இந்நோயாளர்களில் ஐவரில் நால்வர் வரை கடுங்களைப்புக்கு ஆளாகின்றனர். இரவு முழுதும் தூங்கி எழுந்தாலும் தீராத களைப்பு அது. உடற்சூடு சற்று ஏறினாலே பாதிக்கப்பட்ட நரம்பில் செய்தி இன்னும் தளரும். வெயிலும், அடுப்படி வெக்கையும், காய்ச்சலும் இவர்களை முடக்கிவிடுவது அதனாற்றான். ஞாபகம் பிசகுவதும், ஒரே நேரத்தில் இரண்டு காரியம் பார்க்க இயலாமற் போவதும் உண்டு.

மனச்சோர்வும் அவ்வாறே. இந்நோயாளர்களில் ஏறத்தாழ அரைவாசிப் பேர் வாழ்வில் ஒருமுறையேனும் அதற்கு உள்ளாகின்றனர். நாளை என்னவாகுமோ என்ற கவலை ஒரு காரணம். மூளையில் ஏற்படும் பாதிப்பே நேரடியாக மனதைச் சோர்வடையச் செய்வதும் உண்டு. தாக்கத்தைத் தணிக்கக் கொடுக்கும் ஸ்டிரோயிட் மருந்தும் சிலரின் மனநிலையை மாற்றும்.

இதனை ஈமான் குறைவு என்றோ, சூனியம் என்றோ சொல்லிவிடாதீர்கள். அருமை மகனைப் பிரிந்த துக்கத்தால் யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் பார்வையிழந்தன. அந்த நபியின் ஈமானை யாரேனும் குறை கூறுவார்களா? துஆவும் வேண்டும், மருந்தும் வேண்டும். மனச்சோர்வுக்குத் தனியே சிகிச்சை உண்டு. உளவள ஆலோசனையும் மாத்திரையும் பலருக்குப் பலன் தருகின்றன. உயிரை வெறுத்துப் பேசினால் ஒரு நாளும் தாமதியாது வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். 1926 என்ற இலக்கத்தில் தேசிய மனநல நிறுவகத்துடனும் பேசலாம்.

வேலையைப் பறித்துவிடாதீர்கள்

“சோம்பேறி” என்று ஏசுவது ஒரு தவறு. இரக்கப்பட்டு, “நீங்க ஒண்டும் செய்ய வேணாம், சும்மா இரிங்க” என்று எல்லாவற்றையும் பிடுங்கிக்கொள்வது அதற்குக் குறையாத இன்னொரு தவறு. வேலை என்பது சம்பளம் மட்டுமல்ல. “நானும் பயனுள்ளவள்” என்ற எண்ணமும் அதிலே அடங்கியிருக்கிறது.

சிறு மாற்றங்கள் போதும். ஆசிரியையாயின், மாடிப்படி ஏறாத வகுப்பறையையும், கடினமான பாடங்களைக் காலைப் பாடவேளைகளிலும் கேட்டுப் பெறலாம். காரியாலயமாயின், மின்விசிறிக்கும் கழிப்பறைக்கும் அண்மையில் ஆசனம் பெறலாம். செய்ய வேண்டியவற்றை ஒரு கொப்பியில் எழுதிவைக்கலாம். வீட்டில், வெயில் ஏறுமுன் சமையலை முடிக்கலாம், உட்கார்ந்தபடி மரக்கறி நறுக்கலாம். களைத்து விழும்வரை பாராமல், களைக்குமுன்னே ஓய்வெடுப்பது முக்கியம். வைத்தியர் அனுமதிக்கும் அளவில் தேகப்பயிற்சி செய்வதும் களைப்பைக் குறைக்கும்.

நோயை முற்றாக நீக்கும் மருந்து இன்னும் இல்லை. எனினும் தாக்கங்களைக் குறைக்கும் முதலாவது மருந்து 1993இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. அதன் பின்னர் பல மருந்துகள் வந்துவிட்டன. விரைவில் ஆரம்பித்தால் நன்மை அதிகம். ஆகவே கண் மங்கலையும் மரமரப்பையும் அசட்டை செய்யாமல் நரம்பியல் வைத்திய நிபுணரைக் காணுங்கள். கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள். நோன்பு பற்றியும் அவரிடம் ஆலோசியுங்கள். நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகையைப் பெறுவது குற்றமல்ல. நிற்க முடியாதவர் உட்கார்ந்து தொழுவதும் அவ்வாறே.

கணவன்மாரும் மாமிமாரும் தினமும் ஒரு கேள்வி கேட்டால் போதும்: “இண்டைக்கு உங்களால எது ஏலும்?” அவள் சொல்வதை நம்புங்கள். ஏலாததை நீங்கள் செய்யுங்கள். ஏலுமானதை அவளிடமே விட்டுவிடுங்கள்.

நோயுற்ற நம் சகோதரிகள் அனைவருக்கும் அல்லாஹ் ஆஃபியத்தை அருள்வானாக. ஆமீன்.