படத்துக்குள் இருக்கும் கணக்கு

வீட்டில் படம் அச்சிட்ட பனியன் ஏதாவது ஒன்று இருக்கும். சிங்கமோ, கிரிக்கெட் வீரரோ, சினிமா நடிகரோ, யாராக இருந்தாலும் சரி. புகைப்படத்தை அப்படியே துணியில் இறக்கியிருக்கும் பனியனாகப் பார்த்து எடுத்து வெயிலில் விரியுங்கள். அதன் மேல் ஒரு உருப்பெருக்கியைப் பிடியுங்கள். இல்லாவிட்டால் செல்போன் கேமராவைப் பெரிதாக்கிக் கிட்டே கொண்டுபோங்கள். முகம் காணாமல் போய்விடும். வெறும் புள்ளிகள்தான் தெரியும். பெரும்பாலும் சயான் என்கிற வெளிர்நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு நிறங்களில் அவை இருக்கும். கன்னத்தின் நிறத்தில் மை எங்கேயும் பூசியிருக்காது. சின்னச் சின்ன மெஜந்தாப் புள்ளிகளும் மஞ்சள் புள்ளிகளும் இருக்கும், இடையிடையே வெள்ளைத் துணி இருக்கும். தள்ளி நின்று பார்க்கும்போது உங்கள் கண்தான் அவற்றைக் கலந்து கன்னமாக்குகிறது.

திருப்பூருக்குப் பக்கத்துக் குன்னத்தூர்ப் பிள்ளைகளுக்கு இதைப் பற்றிக் கேட்க வெளியூர் போக வேண்டியதில்லை. ஊத்துக்குளி வழியாகத் திருப்பூர் போகும் பஸ்ஸிலும் கம்பெனி வேனிலும் காலையில் ஏறுகிறவர்களில் கட்டிங், தையல், செக்கிங் வேலைக்காரர்களோடு பிரிண்டிங் பட்டறைக்குப் போகிறவர்களும் உண்டு. அப்படி ஒரு அண்ணனோ சித்தப்பாவோ தெரிந்தவராக இருந்தால், “இந்தப் படத்துக்கு எத்தனை ஸ்கிரீன் போட்டீங்க?” என்று கேட்டுப் பாருங்கள். ஒரு ஸ்கிரீனில் ஒரு நிறம்தான் போகும். சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய வலைத் துணிமேல் ஒளிபட்டால் இறுகும் பசையைப் பூசிக் காயவைப்பார்கள். படத்தின் ஒரு நிறத்தை மட்டும் கறுப்புப் புள்ளிகளாக அச்சிட்ட பிலிமை அதன்மேல் வைத்து விளக்கொளி காட்டுவார்கள். ஒளி பட்ட இடம் இறுகிவிடும். கறுப்புப் புள்ளி மறைத்த இடம் இறுகாமல் தண்ணீரில் கழுவிக்கொண்டு போகும். அந்தத் துளைகள் வழியாக மை துணியில் இறங்கும். நான்கு நிறத்துக்கு நான்கு ஸ்கிரீன். கறுப்புப் பனியன் என்றால் முதலில் வெள்ளை அடித்து, அதன்மேல்தான் மற்ற நிறங்கள். ஒரு ஸ்கிரீன் கொஞ்சம் விலகினாலும் சிங்கத்துக்கு இரண்டு மூக்கு வந்துவிடும்.

ஒரே புகைப்படத்தை இப்படி நிறம் நிறமாகப் பிரிப்பதற்குக் கலர் செபரேஷன் என்று பெயர். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஃபோட்டோஷாப் மாதிரியான மென்பொருளில் ஒருவர் அதைச் செய்கிறார். இந்த மென்பொருள்களை இன்று நிறையப் பேர் வீடியோ பார்த்தே கற்றுக்கொள்கிறார்கள். நீங்களும் கற்றுக்கொள்ளலாம். ஆனால் வீடியோவைத் திறப்பதற்கு முன் படத்துக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

உள்ளே இருப்பது எண்கள். 1957-இல் அமெரிக்காவில் ரஸல் கிர்ஷ் என்ற கணினிப் பொறியாளர் தன் 3 மாதக் குழந்தை வால்டனின் புகைப்படத்தைக் கணினிக்குள் செலுத்தினார். கணினிக்குள் போன முதல் புகைப்படம் அதுதான். படத்தை 176 வரிசை, வரிசைக்கு 176 கட்டம் என்று பிரித்தார். மொத்தம் 30,976 கட்டங்கள். கட்டத்துக்குப் பிக்சல் என்று பின்னால் பெயர் வந்தது. இன்று 12 மெகாபிக்சல் செல்போன் எடுக்கும் ஒரு படத்தில் 4,000-ஐ 3,000-ஆல் பெருக்கினால் எவ்வளவோ அவ்வளவு பிக்சல்கள், அதாவது 1 கோடியே 20 லட்சம்!

ஒவ்வொரு பிக்சலுக்கும் மூன்று எண்கள் உண்டு. சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு என்று. ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை போகும். மூன்றும் 0 என்றால் கறுப்பு, மூன்றும் 255 என்றால் வெள்ளை. 256-ஐ மூன்று முறை பெருக்கிப் பாருங்கள், 1,67,77,216 வரும். ஒரு பிக்சலுக்கு அத்தனை நிறங்கள் சாத்தியம்.

ஏன் மூன்று? நம் கண்ணில் நிறம் பார்க்கும் கூம்புச் செல்கள் மூன்று வகை. கண்ணுக்கு மூன்று நிறமே போதும் என்ற கருத்தைக் காட்ட 1861-இல் லண்டனில் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் என்ற இயற்பியலாளர் ஒரு செயல்விளக்கம் நடத்தினார். பல நிறக் கட்டம் போட்ட ஒரு ரிப்பன் முடிச்சைச் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் வழியாகத் தனித்தனியாகப் படம் எடுக்கச் செய்தார். மூன்று படங்களையும் அதே நிற ஒளியில் ஒரே திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக விழவைத்ததும் ரிப்பன் நிறத்தோடு தெரிந்தது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தக் காலத்து ஃபோட்டோ தட்டுகளில் சிவப்பு ஒளி பதியவே பதியாது. பிறகு எப்படிச் சிவப்புப் படம் கிடைத்தது? சுமார் நூறு ஆண்டு கழித்துத்தான் விடை வந்தது. ரிப்பனின் சிவப்புச் சாயம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியையும் திருப்பி அனுப்பியிருக்கிறது. தட்டில் பதிந்தது அந்த ஒளிதான். சாயத்துக்கு இப்படி ஒரு குணம் இருப்பது சாயப்பட்டறைகள் நிறைந்த ஊர்க்காரர்களுக்குப் பிடித்த செய்தியாக இருக்கும்.

இப்போது ஒரு படத்தைத் திருத்துவோம். கறுப்பு வெள்ளைப் படம் போதும், பிக்சலுக்கு ஒரே எண்தான் வரும். சுண்ணாம்பு அடித்த சுவர் முன்னால் தங்கச்சி நிற்கிறாள். முகம் இருட்டாக விழுந்துவிட்டது, அங்கே எண் 60. சுவரில் 200, 190, 180 என்று வெவ்வேறு எண்கள். சுவரின் காரைத் திட்டும் கீறலும் தெரிவது இந்த வேறுபாட்டால்தான். படத்தை வெளிச்சமாக்க எளிய வழி எல்லா எண்ணோடும் 80-ஐக் கூட்டுவது. (மென்பொருளுக்கு மென்பொருள் சூத்திரம் கொஞ்சம் மாறும், அடிப்படை இதுதான்.) முகம் 140 ஆகிவிட்டது, அழகாகத் தெரிகிறது. சுவர்? 280, 270, 260 வர வேண்டும். ஆனால் சாதாரணப் படத்தில் 255-க்கு மேல் இடமில்லை. மூன்றும் 255-இல் முட்டி நின்றுவிடும்.

சரி, பிடிக்கவில்லை, 80-ஐக் கழித்துப் பழையபடி ஆக்கிவிடலாம் என்று நினைக்கிறீர்கள். முகம் 60-க்குத் திரும்பிவிடும். சுவரோ மூன்று இடத்திலும் 175 என்று நிற்கும். காரைத் திட்டும் இல்லை, கீறலும் இல்லை. 80-ஐக் கூட்டிக் கழித்தால் பழையபடி வரும் என்பது நோட்டில் சரி, படத்தில் சரியில்லை. கண்ட்ரோல்-இசட் அழுத்தினால் மட்டும் சுவர் திரும்பி வரும். மென்பொருள் அங்கே கழித்தல் செய்வதில்லை, பழைய எண்களை நினைவில் வைத்திருந்து எடுத்துக் கொடுக்கிறது. படத்தைச் சேமித்து மூடிவிட்டால் அந்த நினைவும் போய்விடும். மூலப்படத்தைத் தொடாதே, நகல் எடுத்து வேலை செய், மாற்றங்களைத் தனி லேயரில், அதாவது மேலே போடும் தனி அடுக்கில், வை என்று பல வீடியோக்களில் சொல்வது இதனால்தான். காரணம் தெரியாதவர்களுக்கு அது மறந்துபோகும். சுவர் காணாமல் போன கதை தெரிந்தவர்களுக்கு மறக்காது.

இன்னொரு கணக்கு. ஒரு பழைய படத்தில் வெள்ளையாக ஒரு தூசிப் புள்ளி. அதன் எண் 190, சுற்றியுள்ள எட்டுப் பிக்சலும் 100. எளிய வகை மங்கலாக்கும் கருவியைப் பயன்படுத்தினால் அது ஒன்பது எண்ணின் சராசரியை நடுவில் வைக்கும். 800-ஓடு 190-ஐக் கூட்டி 9-ஆல் வகுத்தால் 110. தூசி மங்கியது, போகவில்லை. பக்கத்துப் பிக்சல்களும் அதே கணக்கில் கொஞ்சம் அழுக்காகும். சராசரிக்குப் பதிலாக இடைநிலை அளவை வைத்தால்? ஒன்பது எண்ணையும் வரிசைப்படுத்தி ஐந்தாவதை எடுங்கள். 100. தூசி இருந்த சுவடே இல்லை! பள்ளிக்கூடத்தில் சராசரி, இடைநிலை அளவு, முகடு என்று படிக்கும்போது இது எதற்கு உதவும் என்று கேட்கத் தோன்றுமே, ஒரு பதில் இதோ.

இந்தக் கணக்குகளைப் பொத்தான்களாக்கியவர்களில் மாணவர்களும் உண்டு. 1987-இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்த தாமஸ் நோல், தன் கணினித் திரையில் சாம்பல் நிறங்களைக் காட்ட ஒரு நிரல் எழுதினார். அவரும் அவர் தம்பியுமாக அதை வளர்த்தார்கள். 1990-இல் ஃபோட்டோஷாப் என்ற பெயரில் அடோபி நிறுவனம் வெளியிட்டது. ஃபோட்டோஷாப்பைத் திறக்கும்போது ஓடும் பெயர்களில் சீதாராமன் நாராயணன் என்ற பெயரைப் பார்த்திருக்கலாம். திருச்சியில் பொறியியல் படித்தவர், விண்டோஸ் கணினிகளுக்கு ஃபோட்டோஷாப் வந்ததில் பெரும்பங்கு அவருடையது. ஃபோட்டோஷாப்புக்குக் காசு கட்ட வேண்டும். கட்ட முடியாவிட்டால் திருட்டு நகலைத் தேட வேண்டாம், கிம்ப் இருக்கிறது. கலிபோர்னியாவில் ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மேட்டிஸ் என்ற இரண்டு மாணவர்கள் 1995-இல் தொடங்கிய இலவச மென்பொருள் அது. மேலே சொன்ன எல்லாக் கணக்கையும் அது போடும்.

கிம்ப் கற்கத் தமிழில் நல்ல வீடியோக்கள் உண்டு. மும்பை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா தொடங்கிய ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில் அவை இலவசமாகக் கிடைக்கின்றன. அந்தக் கிம்ப் பாடங்கள் ஜெர்மனியின் பிரேமன் நகரில் ரோல்ஃப் ஸ்டைனார்ட் என்பவர் பதிவு செய்த வீடியோக்களிலிருந்து வந்தவை. பிரேமனில் பேசியது மும்பை வழியாகத் தமிழ்க் குரலில் குன்னத்தூர் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுகிறது. ஒவ்வொன்றும் சுமார் பத்து நிமிடம் வரும். திரையில் ஒரு பக்கம் வீடியோ, பக்கத்திலேயே மென்பொருள். ஒரு படி பார்த்து நிறுத்து, நீ செய், பிறகு அடுத்த படி. திட்டக்காரர்கள் சொல்லும் முறை இது.

நிறுத்தாமல் பார்த்தால் என்ன ஆகும்? சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மைக்கேல் கார்டஸ், எட் ஓ'பிரையன் இருவரும் 2018-இல் வெளியிட்ட ஆய்வு இதைச் சோதித்தது. சிலருக்கு டார்ட் என்கிற சின்ன அம்பை எறியும் வீடியோவை ஒருமுறை மட்டும் காட்டினார்கள், சிலருக்கு 20 முறை. 20 முறை பார்த்தவர்கள் தாங்கள் நன்றாக எறிவோம் என்று உறுதியாக நம்பினார்கள். எறிந்தபோது இரண்டு கூட்டமும் ஒரே மாதிரிதான் எறிந்தது. இன்னொரு சோதனையில், கட்டைகளைத் தூக்கிப்போட்டுப் பிடிக்கும் வித்தையின் வீடியோவைப் பார்த்தவர்களில் சிலருக்கு அந்தக் கட்டைகளைக் கையில் கொடுத்தார்கள். தூக்கிப்போடக்கூட இல்லை, பிடித்துப் பார்த்தார்கள், அவ்வளவுதான். கனத்தை உணர்ந்ததுமே ‘நம்மால் முடியும்’ என்ற வீண் நம்பிக்கை குறைந்துவிட்டது. படம் திருத்தும் வீடியோவில் கைதேர்ந்தவரின் மவுஸ் சரசரவென்று ஓடும்போது நமக்கும் இதே மயக்கம் வரும். பத்து வீடியோவை ஒரே மூச்சில் பார்ப்பதைவிட ஒரு வீடியோவைப் பத்து இடத்தில் நிறுத்திச் செய்வது மேல் என்று நான் அடித்துச் சொல்வேன். நிறுத்தும்போது இன்னொன்றும் செய்யுங்கள். அவர் பொத்தானை அழுத்துவதற்கு முன், எண்கள் கூடுமா, குறையுமா, எங்கே முட்டும் என்று நீங்களே சொல்லிவிட்டுப் பிறகு ஓடவிடுங்கள்.

வீடியோவில் இருப்பது பழைய கிம்ப்பாகவும் உங்களிடம் இருப்பது புதியதாகவும் இருக்கலாம். மெனு இடம் மாறியிருக்கும். கணக்கு மாறியிருக்காது, அதனால் கொஞ்சம் தேடினால் கிடைத்துவிடும்.

முதல் வேலையாக வீட்டில் பாட்டியின் பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றைச் செல்போனில் எடுங்கள். நகல் போட்டுக்கொண்டு கிம்ப்பில் டெஸ்பெக்கிள் என்ற கருவியை இயக்குங்கள். நாம் மேலே பார்த்த இடைநிலை அளவுக் கணக்கைச் சார்ந்த கருவிதான் அது. சின்ன வெள்ளைத் தூசிகள் போய்விடும். போனதும் பாட்டியின் முகத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். மூக்குத்தியின் மினுக்கமும் போயிருக்கக்கூடும். கருவிக்குத் தூசியும் மூக்குத்தியும் ஒன்றுதான், இரண்டுமே சுற்றியுள்ள எண்களோடு சேராத வெள்ளைப் புள்ளிகள். கண்ட்ரோல்-இசட் அழுத்துங்கள். மூக்கைச் சுற்றிச் செலக்ட் செய்து, தேர்வைத் தலைகீழாக்கி, அந்த இடத்தை விட்டு மற்ற இடத்துக்கு மட்டும் கருவியை இயக்குங்கள். மூக்கின் மேல் தூசி ஏதும் மிச்சம் இருந்தால் அதைக் கையாலேயே ஒவ்வொன்றாக எடுத்துவிடலாம். எது தூசி, எது மூக்குத்தி என்று சந்தேகம் வந்தால் பாட்டியைக் கேளுங்கள்.