மடியில் இருக்கட்டும் பைனாகுலர்

எண்ணூரில் கொசஸ்தலையாறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தில் நின்றால், தொலைவில் நங்கூரமிட்டிருக்கும் சரக்குக் கப்பல்கள் வெறுங்கண்ணுக்கே தெரியும். சில ஆண்டுகளுக்கு முன், ஒரு டிசம்பர் காலையில், அவற்றில் ஒன்றின் கொடிமரம் எனக்கு இரண்டாகத் தெரிந்தது. அறுபதைக் கடந்தவனுக்கு முதல் ஐயம் தன் கண்ணின் மீதுதான் வரும். ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தேன், ஒரே மரம். இரு கண்களையும் திறந்தால் சற்று மேலும் கீழுமாக இரண்டு. கோளாறு கண்ணில் இல்லை, கையிலிருந்த பைனாகுலரில். ஐந்து வாரங்களுக்கு முன் விமானத்தில் சென்று திரும்பியபோது, துணிகளுக்கு நடுவே பொதிந்து, பெரிய பெட்டியில் வைத்து அதைச் சரக்கறைக்கு அனுப்பியிருந்தேன். வீடு வந்து பார்த்தபோது கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை.

பைனாகுலர் என்பது அருகருகே பிணைக்கப்பட்ட இரண்டு சிறு தொலைநோக்கிகள். ஒவ்வொன்றின் உள்ளேயும், தலைகீழாக விழும் பிம்பத்தை நிமிர்த்துவதற்கு முப்பட்டகக் கண்ணாடிகள் உண்டு. இத்தாலியரான இக்னாசியோ போர்ரோ 1854-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இன்றும் பல கருவிகளில் அவர் பெயராலேயே வழங்குகிறது. இந்த முப்பட்டகங்களைச் சிறு பிடிப்புகளோ பசையோதான் நிலைநிறுத்துகின்றன. பெட்டி ஓரடி உயரத்திலிருந்து விழுந்தாலே அவற்றில் ஒன்று மயிரிழை நகரலாம். அப்போது இரு குழாய்களும் ஒரே திசையை நோக்குவதில்லை.

பிசகு சிறிதாக இருந்தால் நம் மூளை இரு பிம்பங்களையும் இழுத்துப் பிடித்து ஒன்றாக்கிவிடுகிறது. பக்கவாட்டுப் பிசகை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். மேல்கீழ்ப் பிசகைப் பொறுப்பது அரிது. பார்ப்பவருக்குக் கிடைப்பதெல்லாம் கால் மணி நேரத்தில் ஒரு தலைவலி. வெயில் என்றோ வயது என்றோ நினைத்துக்கொள்வோம். நானும் ஐந்து வாரம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பொருளாதாரம் கற்பித்தவன் என்பதால் இழப்பீட்டைப் பற்றி எண்ணாமல் இருக்க முடியவில்லை. பன்னாட்டு விமானப் பயணங்களுக்கு 1999-ஆம் ஆண்டின் மான்ட்ரீல் உடன்படிக்கை பொருந்தும். இந்தியா 2009 முதல் அதில் ஓர் உறுப்பு நாடு. பயண உடைமைகளுக்கு அது விதித்த உச்சவரம்பு, 2024 டிசம்பர் இறுதியிலிருந்து ஒரு பயணிக்கு 1,519 சிறப்பு எடுப்புரிமை. அதாவது பன்னாட்டு நிதியத்தின் கணக்கு அலகில் ஏறத்தாழ இரண்டாயிரம் டாலர். நல்ல பைனாகுலருக்கு இது போதும். ஆனால் சேதத்தை, பெட்டியைப் பெற்ற ஏழு நாள்களுக்குள் எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும் என்று அதே உடன்படிக்கை சொல்கிறது. உடைந்த சக்கரத்துக்கும் கிழிந்த பெட்டிக்கும் ஏழு நாள் தாராளம். ஐந்து வாரம் கழித்து எண்ணூர்க் கரையில் வெளிப்படும் சேதத்துக்கு அது எதற்கு உதவும்? கைப்பையிலுள்ள பொருளுக்கோ, விமான நிறுவனத்தின் தவறு என்று காட்டினால்தான் இழப்பீடு. சட்டப்படி பார்த்தால் பொறுப்பு நம் தலையில் விழுகிறது. ஆயினும் கண்ணுக்குத் தெரியாத சேதத்தைப் பொறுத்தவரை, பெற முடியாத இழப்பீட்டைவிடச் சேதமே நேராமல் காப்பதுதான் மலிவு. பாரிமுனைப் பக்கம் ஒரு முதியவர் என் கருவியைச் சீர்செய்து தந்தார். கூலி, வாங்கிய விலையில் மூன்றில் ஒரு பங்கு.

பைனாகுலரைக் கைப்பையில் கொண்டு செல்லத் தடை இல்லை. கைப்பைக்கு மேலாகக் கையில் எடுத்துச்செல்லக்கூடியவை என்று விமான நிறுவனங்கள் வழக்கமாக வெளியிட்டு வந்த பட்டியலில் குடை, சால்வை, வாசிக்கும் நூல் ஆகியவற்றோடு 'சிறு கேமரா அல்லது ஒரு பைனாகுலர்' என்பதும் இருந்தது. இப்போது ஒரே கைப்பை என்று கெடுபிடி செய்கிறார்கள். பெரும்பாலும் ஏழு கிலோ வரம்பு. 8x42 அளவுள்ள கருவி பெரும்பாலும் ஏறத்தாழ முக்கால் கிலோ இருக்கும். எனவே எடையைக் குறைக்கச் சட்டையை எடுத்துப் பெரிய பெட்டியில் வையுங்கள், பைனாகுலரை அல்ல. முக்காலியையும் பெரிய பெட்டியில் வைத்துவிடலாம். சோதனையில் அதை மறுத்துவிடக்கூடும். அதிர்வைத் தாங்கும் மின்னணுப் பைனாகுலரானால் அதற்குரிய உதிரி லித்தியம் பேட்டரிகள் கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

நான்கு மூடிகளையும் போட்டு, கழுத்துவாரைச் சுருட்டி, மெத்தென்ற உறையில் வைத்துப் பையின் நடுவில், எளிதில் எடுக்கும்படி மேலாக வைப்பது நன்று. பையின் அடிப்பாகம் சக்கரத்தின் அதிர்வையெல்லாம் வாங்கும் இடம். ஊடுகதிர்த் திரையில் திரண்ட கண்ணாடிக் கட்டியாக அது தெரியும் என்பதால், கேட்பதற்கு முன்பே தனித் தட்டில் எடுத்து வைத்துவிடுகிறேன். விம்கோ நகரிலிருந்து விமான நிலையம் வரை இப்போது ஒரே மெட்ரோ ரயில். அங்கும் பைச் சோதனை இருப்பதால் ஒத்திகை முடிந்துவிடுகிறது!

மேலாக வைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வரும் ஜனவரியில் மன்னாரின் பூநாரைகளைக் காண யாழ்ப்பாணம் செல்கிறேன். அங்குள்ள வங்காலை நீர்நிலம் 2010 முதல் ராம்சர் தலம். சென்னை – யாழ்ப்பாணத் தடத்தில் பறப்பவை ஏடிஆர் எனும் சிறு விமானங்கள். தலைக்கு மேலுள்ள அறை அவற்றில் சிறிது. படிக்கட்டருகே கைப்பையை வாங்கிச் சரக்கறையில் போட்டுவிடுவதும் உண்டு. அந்தக் கணத்தில் உறையோடு உருவி எடுத்துத் தோளில் மாட்டிக்கொள்ள முடிய வேண்டும். இருக்கையில் அமர்ந்ததும் மடியிலோ முன்னிருக்கையின் அடியிலோ வைக்கலாம். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். எனக்கு இந்தக் கனம் மடியில் இல்லாவிட்டால்தான் பயம்.

இறங்கும் இடம் பலாலி. நெடுங்காலம் உயர் பாதுகாப்பு வளையத்துக்குள் இருந்த ஊர். விமான நிலையத்தில் பைனாகுலரை வெளியே எடுக்காதிருப்பதே அறிவு. 2001 நவம்பரில் கிரேக்க நாட்டின் கலமாட்டா விமான தளத்தில், விமானங்களைப் பார்த்துக் குறிப்பெடுக்கும் பொழுதுபோக்குடைய 12 பிரிட்டானியரும் 2 டச்சுக்காரர்களும் உளவாளிகள் என்று கைதாகினர்; மேல்முறையீட்டில் விடுதலை பெற ஓராண்டு ஆயிற்று. காமராஜர் துறைமுகமும் அனல்மின் நிலையங்களும் சூழ்ந்த எண்ணூரில் பறவை பார்ப்பவர்களுக்கும் "எங்கே பார்க்கிறீர்கள்?" என்ற கேள்வி புதிதன்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் பரவியபோது, கூழைக்கடாக்களின் இறகில் படிந்த கருமையைக் கரையில் நின்றவாறே நான் கண்டது இக்கருவியால்தான்.

விலையுயர்ந்த கருவியானால், புறப்படும்போதே சுங்க அதிகாரியிடம் ஏற்றுமதிச் சான்றிதழ் கேட்டுப் பெறலாம். திரும்பும்போது புதிதாக வாங்கி வந்தது என்ற வழக்கு எழாது. வாங்கிய ரசீதின் படமும், கருவியில் பொறித்த எண்ணும் கைப்பேசியில் இருக்கட்டும்.

திரும்பிய மறுநாள் காலை நான் எண்ணூர்க் கரைக்குப் போவேன். வடசென்னை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி உச்சியை நோக்கிவிட்டு, பைனாகுலரைக் கண்ணிலிருந்து ஒரு சாண் மெல்ல விலக்கிப் பார்ப்பேன். இரு வட்டங்களிலும் உச்சி ஒரே மட்டத்தில் தெரிய வேண்டும். தெரியாவிட்டால், ஏழு நாளில் இன்னும் ஆறு மீதமிருக்கும்.