சென்னைக்கு மூத்த ஆற்றங்கரை நகரம்

சாந்தோம் நெடுஞ்சாலையில் தினமும் போய்வருகிறவர்களுக்கு சாந்தோம் மயிலாப்பூரை ஒட்டிய ஒரு பேட்டை, அவ்வளவுதான். ஆனால் 1639-ல் ஆங்கிலேயர் சென்னையில் காலூன்றும் முன்பே, அடையாறு கடலில் கலக்கும் இடத்துக்கு வடக்கே அது தனி நகரம். போர்ச்சுக்கீசியரின் நகரம்.

தோமா அப்போஸ்தலரின் கல்லறை இருக்கும் ஊர் என்ற நம்பிக்கைதான் 1520-களில் அவர்களை இங்கே குடியமர்த்தியது. சோழமண்டலத் துணிகள் இங்கிருந்து மலாக்காவுக்குக் கப்பலேறின. 1606-ல் மயிலாப்பூர் தனி மறைமாவட்டம் ஆனது. 1516 என்ற ஆண்டு பொறித்த கல்லோடு நிற்கும் லஸ் தேவாலயத்தை ஊர்மக்கள் இன்றும் 'காட்டுக் கோயில்' என்றே சொல்கிறார்கள். கபாலீஸ்வரர் கோயிலும் முன்பு கடற்கரையில்தான் இருந்தது என்பது மயிலாப்பூரில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி.

கைமாறிய கோட்டை

1662-ல் கோல்கொண்டா சுல்தானின் படை நகரைப் பிடித்தது. பத்தாண்டு கழித்து பிரெஞ்சுத் தளபதி தெ லா ஹே அதைப் பறித்துக்கொண்டார். நிலத்தில் கோல்கொண்டா, கடலில் டச்சுக்காரர்கள் என இருபுறமும் நெருக்க, 1674-ல் பிரெஞ்சுக்காரர்கள் சரணடைந்தார்கள். சாந்தோம் முற்றுகையில் சிக்கியிருந்தபோதே அவர்கள் தெற்கே சிறிய கடலோர ஊர் ஒன்றில் இடம் வாங்கியிருந்தார்கள். அந்த ஊரை பிரான்சுவா மார்த்தேன் வளர்த்தெடுத்தார். அதுதான் புதுச்சேரி.

ஆற்றைக் கடந்த படை

1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னைக் கோட்டையைக் கைப்பற்றினார்கள். அதை மீட்க ஆற்காட்டு நவாப் அன்வருதீன், மகன் மஃபுஸ் கானைப் பெரும் படையோடு அனுப்பினார். சுமார் பத்தாயிரம் பேர் அடையாற்றின் வடகரையில் அணிவகுத்தார்கள். புதுச்சேரியிலிருந்து பராடி (Paradis) என்ற அதிகாரியின் தலைமையில் வந்த சிறுபடை முழு ஆயிரம்கூட இல்லை. அவர்கள் ஆற்றில் இறங்கி நடந்தே கடந்து, ஒழுங்காகச் சுட்டுக்கொண்டே முன்னேறினார்கள். நவாபின் படை சாந்தோம் தெருக்களுக்குள் சிதறி ஓடியது. பயிற்சி பெற்ற சிறுபடை பெரும் குதிரைப்படையை வெல்லும் என்று ஐரோப்பியர் அன்று கண்டுகொண்டார்கள். இந்தியாவின் அடுத்த இருநூறு ஆண்டுகளுக்கு அது வழி திறந்தது.

ஆங்கில-பிரெஞ்சுப் போரை முடித்த 1748 உடன்படிக்கையில் சென்னை ஆங்கிலேயருக்குத் திரும்பியது. அதற்கு ஈடாக, கனடாக் கரையிலிருந்த லூயிபூர்க் கோட்டை பிரான்சுக்குப் போனது. அடுத்த ஆண்டே சாந்தோமையும் ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டார்கள்.

சாந்தோமில் காக்க வேண்டியவை ஏராளம். 1896-ல் எழும்பிய வெள்ளைக் கோபுரப் பேராலயம், பங்குனியில் அறுபத்துமூவர் வலம்வரும் மாடவீதிகள், நொச்சிக்குப்பம் முதல் சீனிவாசபுரம் வரை கடலை நம்பி வாழும் மீனவர்கள் என எல்லாம் ஒரே ஊரின் வரலாறு. ஆகஸ்ட் 22-ல் சென்னை தினம் கொண்டாடும் நாம், பள்ளிப் பிள்ளைகளைக் கோட்டைக்கு மட்டும் அழைத்துப் போனால் போதாது. லஸ்ஸிலிருந்து அடையாற்று முகத்துவாரம் வரை ஒருமுறை நடத்தி அழைத்துச் செல்வோம். சென்னையின் கதையை அங்கிருந்து சொல்லித் தொடங்குவதுதான் நியாயம்.