பெயரை மாற்றி அதே மருந்தை அடித்தால் புழு சாகுமா?

மூலனூர் பருத்தி ஏலத்தில் வியாபாரி மூட்டைக்குள் கை விட்டு ஒரு பிடி எடுத்துப் பார்ப்பார். பழுப்புக் கறையோடு, பாதி வெடித்த சுளைகள் கையில் வந்தால் கொட்டு ரகம் என்று சொல்லி விலையைக் குறைத்துவிடுவார். அந்தச் சுளையைப் பிரித்தால் பல நேரம் விதையில் ஓட்டை இருக்கும். இளஞ்சிவப்பு காய்ப்புழு தின்ற அடையாளம் அது. குட்டிப்புழு துளைத்துப் போன வழி சீக்கிரமே மூடிக்கொள்ளும். காய் வெளியே பச்சைப் பசேல் என்று இருக்கும். உள்ளே உட்கார்ந்திருக்கும் புழுவை மருந்து எட்டாது.

இந்தப் புழு உள்ளிட்ட காய்ப்புழுக்களைத் தடுக்கத்தான் 2002-ல் பி.டி. பருத்திக்கு அனுமதி கொடுத்தார்கள். 2010-ல் குஜராத்தின் அம்ரேலி, பாவ்நகர், ஜூனாகத், ராஜ்கோட் மாவட்டங்களில் புழு அதைத் தாங்கிக்கொண்டதை மான்சாண்டோ நிறுவனமே அறிவித்தது. பின்னால் வந்த இரட்டை நச்சு ரகமும் நிலைக்கவில்லை. முதல் ரகத்தின் பி.டி. நச்சு புழுவின் குடலில் உள்ள கேட்ஹெரின் என்ற புரதத்தைப் பற்றிக்கொண்டுதான் வேலை செய்யும். எதிர்ப்பு வந்த இந்தியப் புழுக்களில் அந்தப் புரதத்துக்கான மரபணுச் செய்தி தாறுமாறாக வெட்டி ஒட்டப்படுவதை ஆய்வாளர்கள் கண்டார்கள். நச்சு பற்றிக்கொள்ள இடமே இல்லாமல் போய்விட்டது.

இது தவிர, மரபணுவின் எழுத்து மாறாமலே, அது வேலை செய்வதையும் சும்மா இருப்பதையும் மாற்றும் வழி பூச்சிகளுக்கு உண்டு. மரபணுமேல் ஒட்டும் மீத்தைல் என்ற சிறு வேதிக்குறி அதில் ஒன்று. 1989-ல் இங்கிலாந்தின் ராதம்ஸ்டட் ஆய்வு நிலையத்தார் ஒரு அசுவினியில் இதைப் பார்த்தார்கள். மருந்தை முறிக்கும் நொதியின் மரபணு அதனிடம் ஏராளமாக இருந்தும், மீத்தைல் குறி போன பிறகு அது வேலை செய்யவில்லை, எதிர்ப்பும் போய்விட்டது. 2021-ல் அமெரிக்காவில் உருளைக்கிழங்கு வண்டுக்கு இமிடாகுளோபிரிட் கொடுத்துப் பார்த்தபோது, பேரன் தலைமுறையிலும் மீத்தைல் குறிகள் குறைந்திருந்தன. மருந்தையே பார்க்காத பேரன்கள் அவை. ஒரு தெளிப்பின் தடம் அடுத்த தலைமுறைகளிலும் தங்க முடியும் என்பதால்தான், பாதி அளவில் அடிப்பதும் ஒரே வகை மருந்தைத் திரும்பத் திரும்ப அடிப்பதும் எனக்குப் பெரிய கவலை.

கடையில் நடப்பது என்ன? "போன தடவை அடிச்சது கேக்கலைங்க" என்றால், வேறு பெயர் போட்ட பாட்டில் கைக்கு வருகிறது. தயவுசெய்து அங்கேயே நின்று லேபிளைப் படியுங்கள். பெரிய எழுத்தில் இருப்பது வணிகப் பெயர். சிறிய எழுத்தில் இருக்கும் வேதிப் பெயரும் சதவீதமும்தான் மருந்து. இரண்டு பாட்டிலிலும் புரோஃபெனோபாஸ் என்றே இருந்தால், காசு கொடுத்து அதே மருந்தைத்தான் மறுபடி வாங்குகிறீர்கள். வேதிப் பெயர் வேறாக இருந்தாலும் இரண்டும் ஒரே வகையைச் சேர்ந்தவையா என்று வட்டார வேளாண் அலுவலரிடம் கேளுங்கள். 1800-180-1551 என்ற கிசான் கால் சென்டரிலும் கேட்கலாம்.

வயலில் இதழ் விரியாமல் ரோஜா மொட்டுபோல் முறுக்கிக்கொண்ட பூவைக் கண்டால் பறித்து அழியுங்கள். இனக்கவர்ச்சிப் பொறியில் பொறிக்கு எட்டு அந்துப்பூச்சி என்று தொடர்ந்து மூன்று இரவு விழுந்தால்தான் மருந்தைப் பற்றி யோசிக்க வேண்டும். கடைசி எடுப்பு முடிந்ததும் பருத்தி மாரை வயலோரம் குவித்து வைக்காதீர்கள். அடுத்த போகத்துப் புழு அதில்தான் காத்திருக்கும்.

மருந்துகளைக் கலந்து அடிக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். 2017-ல் மகாராஷ்டிராவின் யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்த விவசாயிகளும் கூலித் தொழிலாளர்களும் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். லேபிளின் முக்கோணத்தில் சிவப்பு இருந்தால் கொடிய விஷம் என்று பொருள். முறிமருந்தின் பெயரும் லேபிளிலேயே இருக்கும். மயக்கம் வந்தவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது அந்தப் பாட்டிலையும் எடுத்துப் போங்கள்.

மரபணுவை அடக்கும் தெளிப்பு மருந்து அமெரிக்காவில் உருளைக்கிழங்கு வண்டுக்கு 2023-ல் அனுமதி பெற்றது. அதைக் காட்டி இங்கே யாராவது "ஜீன் மருந்து" விற்றால், மத்திய பூச்சிக்கொல்லி வாரியத்தின் பதிவு எண் எங்கே என்று கேளுங்கள். 1968-ம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டப்படி, பதிவு இல்லாததை விற்பது குற்றம்.

பில் இல்லாமல் எதையும் வாங்காதீர்கள். பில், காலி பாட்டில், விதைப்பை, வயலின் படம் எல்லாம் பத்திரமாக இருக்கட்டும். போலி என்று சந்தேகம் வந்தால் வேளாண் துறையின் பூச்சிமருந்து ஆய்வாளர் கடையிலிருந்து மாதிரி எடுத்துச் சோதிக்க முடியும். எழுத்தில் புகார் கொடுங்கள். விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோரே என்று உச்ச நீதிமன்றம் 2012-ல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் இல்லாமலே வழக்குப் போடலாம். இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். வழிகாட்ட 1915 என்ற எண் இருக்கிறது.