எக்கோ சொல்லாததை அனிச்சை சொல்லும்

நந்திதுர்க் உள்ளிட்ட கோலார் தங்கவயல் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டுவிட்டாலும், பாறை துளைக்கையில் எழுந்த சிலிக்காத் தூசியைப் பல்லாண்டுகள் சுவாசித்த தொழிலாளர்களின் நுரையீரலில் அது தழும்பாகத் தங்கி, இரத்தக் குழாய்களை நெருக்கி, வலப்பக்க இதயத்தின் சுமையை ஏற்றி, முடிவில் இதயச் செயலிழப்பில் கொண்டுபோய்விடக்கூடும். செயலிழப்பு என்பது இதயம் நின்றுபோவதன்று. உடலுக்குத் தேவையான அளவு இரத்தத்தைச் செலுத்த இயலாத நிலை. ஒரு துடிப்பில் எவ்வளவு இரத்தம் வெளியேறுகிறது என்பதை எக்கோ எனப்படும் இதய மீயொலிச் சோதனை காட்டும். நோயாளி எவ்வளவு காலம் தாங்குவார் என்பதை அது முழுமையாகக் காட்டாது.

அங்கேதான் அனிச்சைச் செயலின் அளவீடு உதவுகிறது. கழுத்துத் தமனியிலும் பெருந்தமனியின் வளைவிலும் உள்ள உணரிகள், இரத்த அழுத்தம் ஏறியதும் மூளைத்தண்டுக்குத் தெரிவிக்க, அங்கிருந்து வேகஸ் நரம்பு வழியாக வரும் கட்டளை நாடியைத் தணிக்கிறது. அழுத்தத்தை ஏற்றும் மருந்தைச் சிறிதளவு ஊசியில் செலுத்தி, ஒவ்வொரு மில்லிமீட்டர் பாதரச உயர்வுக்கும் இரு துடிப்புகளுக்கிடையிலான நேரம் எத்தனை மில்லிநொடி நீள்கிறது என்று கணக்கிடுவதே இதன் மூலமுறை. மாரடைப்பிலிருந்து மீண்ட 1,284 பேரை ஆராய்ந்து 1998இல் வெளியான ஆய்வு, இந்த எண் 3க்குக் கீழே இருந்தால் ஆபத்து கூடுவதைக் காட்டியது. அதே ஆண்டு பிரிட்டனில் 433 இதயச் செயலிழப்பு நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், நாள் முழுவதும் பதிவான துடிப்பின் ஏற்ற இறக்கம் மிகக் குறைந்தவர்களே அதிகம் இறந்தனர்; சீராகத் துடிப்பதே நலம் என்று நம்புபவர்களுக்கு இது வியப்பாகத் தோன்றலாம்.

உணரிகள் தமனியில் மட்டுமே இருப்பவை அல்ல. நுரையீரலின் நுண்குழாய்களை ஒட்டிய உணரிகளை டெல்லியின் வல்லபாய் படேல் மார்பு நோய் நிறுவனத்தில் பணியாற்றிய அவ்தார் சிங் பெயின்டல் விளக்கினார்; நுரையீரலில் நீர் தேங்கும்போது மூச்சுத் திணறல் எழுவதில் அவற்றுக்குப் பங்குண்டு.

தமனி அனிச்சையை ஊசியின்றி அளக்க, குழாயில் 40 மில்லிமீட்டர் அழுத்தம் வரும்படி 15 நொடி ஊதச் செய்யும் எளிய சோதனையும் உண்டு. ஆனால் தழும்பேறிய நுரையீரலுடன் இருக்கும் முதிய சுரங்கத் தொழிலாளியிடம் அதைக் கேட்பது கொடுமையாகிவிடும். படுத்த நிலையில் விரல் பட்டையால் இரத்த அழுத்தத்தையும், கூடவே ஈசிஜியையும் சில நிமிடங்கள் பதிவு செய்வதே அவருக்குப் பொருந்தும். நாடி தாறுமாறாகத் துடிப்பவர்களிடமும் பேஸ்மேக்கரால் துடிப்பு நடத்தப்படுபவர்களிடமும் இந்த அனிச்சை எண்ணை நம்ப முடியாது என்பதால், எக்கோவை விலக்கிவிட்டு இதனை மட்டும் வைத்து மருந்தைத் தீர்மானிப்பது சரியாகாது.