பனியில் பல் பதிக்கும் சங்கிலி

கலிபோர்னியாவின் சாக்ரமென்டோவிலிருந்து கிழக்கே ரீனோவுக்குப் போகும் 80ஆம் எண் நெடுஞ்சாலை, சியரா நெவாடா மலைத்தொடரை டானர் கணவாய்க்கு அருகில் சுமார் 2,200 மீட்டர் உயரத்தில் கடக்கிறது. பசிபிக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று இந்த மலைமேல் ஏறிக் குளிர்ந்து, ஒரு பருவத்தில் சராசரியாக ஒன்பது மீட்டர் அளவுக்குப் பனியைக் கொட்டுகிறது. ஓக்லாந்து துறைமுகத்தில் இறங்கும் சரக்கு நாட்டின் உட்பகுதிக்குப் போக இதுதான் முக்கியமான வழி. பனி விழுகிறதென்று லாரிகளை வசந்தகாலம் வரை நிறுத்திவைக்க முடியாது.

அமெரிக்க நெடுஞ்சாலைகளில் முழுப் பாரம் ஏற்றிய பதினெட்டுச் சக்கர லாரி சுமார் 36 டன் எடையுள்ளது. டயர்களின் காற்றழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல ஏறக்குறைய ஏழு மடங்கு. எடையை அழுத்தத்தால் வகுத்தால், பதினெட்டு டயர்களும் சேர்ந்து தரையைத் தொடும் பரப்பு வெறும் அரைச் சதுர மீட்டர்தான் என்று தெரியும். ஏறுவதும் திரும்புவதும் நிற்பதும் எல்லாம் இந்த அரைச் சதுர மீட்டருக்குள் நடந்தாக வேண்டும்.

இந்தச் சாலையில் நூறு மீட்டருக்கு ஆறு மீட்டர் உயரும் ஏற்றங்கள் உண்டு. அங்கே 36 டன்னை மேலே தள்ள அதன் எடையில் ஆறு சதவீதம், அதாவது இரண்டு டன்னுக்குச் சற்று அதிகமான விசை வேண்டும். இன்ஜினுக்கு அது பெரிய காரியமல்ல. ஆனால் இன்ஜின் சுழற்றுவது நடுவிலுள்ள இரண்டு அச்சுகளின் எட்டுச் சக்கரங்களை மட்டுமே. அவற்றின் மேல் அமரும் எடை சுமார் 15 டன். ஈரமான பனிக்கட்டியில் ரப்பருக்குக் கிடைக்கும் பிடிப்பு, மேலே அமரும் எடையில் பத்தில் ஒரு பங்கு. பல சமயம் அதற்கும் குறைவு. ஆக ஒன்றரை டன் விசைதான் தேறும். சக்கரம் சுழன்றுகொண்டே இருக்கும், லாரி நகராது.

கடுங்குளிரில்தான் சாலை மிகவும் வழுக்கும் என்று நினைப்போம். உண்மையில், உருகுநிலையை ஒட்டிய பனிக்கட்டிதான் மிகவும் வழுக்கும். டயரின் அழுத்தத்தில் பனி உருகி நீராவதால் வழுக்குகிறது என்று பாடப்புத்தகங்கள் நெடுங்காலம் சொல்லிவந்தன. கணக்குப் போட்டால் அது நிற்காது. அழுத்தம் ஒரு வளிமண்டல அளவுக்குக் கூடினால், பனியின் உருகுநிலை ஒரு டிகிரியில் நூறில் ஒரு பங்குகூடக் குறைவதில்லை. ஏழு மடங்கு அழுத்தம் எம்மாத்திரம்? பனிக்கட்டியின் மேற்பரப்பு மூலக்கூறுகள் உட்புறத்தில் இருப்பவைபோல இறுக்கமாகக் கட்டுண்டவை அல்ல. உறைநிலைக்குக் கீழேயும் அங்கே நீர்போன்ற மெல்லிய படலம் இருக்கும் என்று மைக்கேல் ஃபாரடே 1850ஆம் ஆண்டிலேயே கருதினார். சக்கரம் உரசும்போது பிறக்கும் வெப்பமும் சேர்ந்து, அந்தப் படலத்தை வளர்க்கிறது. சியராவில் விழுவதோ ஈரம் மிகுந்த, கனமான பனி; வெப்பநிலை பெரும்பாலும் பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும். ரப்பருக்கு இதைவிட மோசமான சாலை அமையாது.

டயரில் கட்டும் சங்கிலி இந்த ஆட்டத்தின் விதியையே மாற்றிவிடுகிறது. டயரின் இருபக்கமும் வளையமாக ஓடும் பக்கச் சங்கிலிகள், அவற்றை இணைத்தபடி டயரின் குறுக்கே கிடக்கும் குறுக்குச் சங்கிலிகள்: அமைப்பு இவ்வளவுதான். சக்கரம் உருளும்போது, அதுவரை டயர் முழுப் பரப்பில் தாங்கிய இரண்டு டன் எடையில் பெரும்பகுதி சில எஃகுக் கண்ணிகளின் மெல்லிய விளிம்புகளில் குவிகிறது. பனிக்கட்டி நொறுங்குகிறது, கண்ணி உள்ளே இறங்குகிறது. அதன்பின் லாரி மேற்பரப்பின் உராய்வை மட்டும் நம்பியில்லை. பனியை உடைத்தால்தான் சக்கரம் வழுக்க முடியும்.

இதில் என்னை மிகவும் வியக்கவைப்பது ஒன்று உண்டு. உருகுநிலையை நெருங்க நெருங்கப் பனிக்கட்டி மென்மையாகிறது. ரப்பரைக் கைவிடும் அதே வெப்பநிலைதான் எஃகுக்கு எளிதாக இடம்கொடுக்கிறது. கடுங்குளிரில் பனி இறுகி, சங்கிலி ஆழமாக இறங்காமல் போகலாம். ஆனால் அப்போது ரப்பரின் பிடிப்பு சற்றே தேறியிருக்கும்.

நியூயார்க் மாநிலத்தின் கனஸ்டோட்டா ஊரைச் சேர்ந்த ஹாரி வீட் 1904ஆம் ஆண்டு இந்தச் சங்கிலிக்குக் காப்புரிமை பெற்றார். சேற்றில் சிக்காமலிருக்க ஓட்டுநர்கள் டயரில் கயிற்றைச் சுற்றுவதைக் கண்டு அவருக்கு இந்த யோசனை வந்ததாகச் சொல்வார்கள்.

ஏறுவதைவிட இறங்குவதே ஆபத்து. டயரின் பிடிப்பு ஒரே கையிருப்பு. பிரேக்குக்கே அது முழுவதும் செலவாகிவிட்டால், பக்கவாட்டில் சறுக்காமல் தடுக்க மிச்சம் ஏதும் இருக்காது. முன்வண்டியின் இயக்கச் சக்கரங்கள் அப்படிச் சறுக்கும்போது பின்னாலிருந்து டிரெய்லர் தள்ளினால், லாரி மடக்குக்கத்திபோல மடங்கிச் சாலையை அடைத்துக்கொள்ளும். இன்ஜின் சுழற்றாத டிரெய்லர் அச்சிலும் சங்கிலி கட்டச் சொல்வது இதனால்தான். இழுக்க அல்ல, பிரேக் பிடிக்கும்போது டிரெய்லரை நேர்கோட்டில் நிறுத்த.

சங்கிலி கட்டிய வண்டி மணிக்கு 50 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. வேகம் கூடினால் கண்ணிகள் வெளிநோக்கி இழுபட்டு அறுந்து, பிரேக் குழாய்களையே விளாசிவிடும். பனியில்லாத தார்ச்சாலையில் சங்கிலி விரைவில் தேயும், சாலையும் சிதையும். சிறிது தூரம் ஓட்டியபின் நிறுத்தி மறுபடி இறுக்குவதும் அவசியம். ஓட்டுநர் பொத்தானை அழுத்தினால், ஓடும் சக்கரத்தின் சுழற்சியால் தானும் சுழன்று, டயருக்கு அடியில் சங்கிலித் துண்டுகளை வீசும் தானியங்கிச் சங்கிலிகளும் உண்டு. தீயணைப்பு வண்டி, ஆம்புலன்ஸ், பள்ளிப் பேருந்து ஆகியவற்றில் அவற்றைக் காணலாம். ஆனால் டானர் ஏற்றத்தின் அடியில் பெரும்பாலும் கையால்தான் கட்டுகிறார்கள்: இரட்டைச் சக்கரத்துக்கான கனத்த சங்கிலியைத் தூக்கிப்போட்டு, ஈரப்பனியில் மண்டியிட்டு, உட்பக்கக் கொக்கியைக் கைவிட்டுத் தேடி மாட்டி, இறுக்கும் சாவியைத் திருப்பி. மாநிலச் சாலைத்துறையின் அனுமதி பெற்று, கூலிக்குக் கட்டித்தருபவர்களும் அங்கே நிற்பார்கள்.

கலிபோர்னியாவில் வாழும் தமிழர்கள் பலர் குளிர்காலத்தில் டாஹோ ஏரிக்குப் போகும் வழியும் இதுவே. சாலையோரம் லாரிகள் வரிசையாக நின்றால், அவற்றுக்கு அருகில் கட்டாயம் வேகத்தைக் குறையுங்கள். சக்கரங்களுக்கிடையில் குனிந்திருப்பவர் உங்கள் கண்ணுக்குத் தெரியமாட்டார்.